தோட்டப் பாடசாலையில் பூச்சிக் குளிசை: எது, எவ்வளவு, யார் மூலம் கொடுப்பது?

கொட்டாஞ்சேனை_தொண்டர்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் இளைஞர் மன்றம். அடுத்த தவணையில் தெரணியகலைப் பக்கம் இறப்பர் தோட்டத்துக்குள் இருக்கிற ஒரு தமிழ்ப் பாடசாலைக்குப் போகப்போகிறோம். தரம் 1 முதல் 11 வரை 340 பிள்ளைகள். கொப்பி, செருப்போடு பூச்சிக் குளிசையும் கொடுக்கலாம் என்று யோசனை. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்தால் காசு பெரிதாக இல்லை.

மெபெண்டசோலா, அல்பெண்டசோலா? வயதுக்கு ஏற்ப அளவு மாறுமா? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? கொடுத்த பிறகு பிள்ளைக்கு ஏதாவது செய்தால் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

புறக்கோட்டை_மருந்தாளர்

தம்பி, குளிசையை வாங்கிவிடாதீர்கள். முதலில் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேளுங்கள். பாடசாலைகளுக்கான பூச்சிக் குளிசை அரசாங்கத்திலிருந்தே அங்கு வருகிறது. அவர்கள் போன மாதம் கொடுத்திருந்தால் உங்களுடையது வீண்செலவு. கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்று தெரிவதே முக்கியம்.

இனி மருந்து. கடையில் அதிகம் விற்பது 100 மி.கி. மெபெண்டசோல். அது காலை ஒன்று, இரவு ஒன்றாக 3 நாள் எடுக்க வேண்டிய குளிசை. பாடசாலையில் ஒரே தடவையில் கொடுப்பது 500 மி.கி. குளிசை. நன்கொடை முகாம்களில் நடக்கிற மிகப் பெரிய தவறு இதுதான். 100 மி.கி. பெட்டியை வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, ‘பூச்சி மருந்து கொடுத்தாச்சு’ என்று வந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் போனது தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு.

அல்பெண்டசோல் என்றால் 400 மி.கி., ஒரே தடவை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நிறை பார்த்து அளவை மாற்றத் தேவையில்லை. தரம் 1 பிள்ளைக்கும் தரம் 11 பிள்ளைக்கும் ஒரே குளிசைதான். 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மட்டும் அல்பெண்டசோல் பாதி, அதாவது 200 மி.கி.

மென்று விழுங்கும் வகையா என்று பெட்டியில் பாருங்கள். காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் இரண்டையும் எழுதி வையுங்கள். வானின் பின்பக்கத்தில் வெயிலில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். 30 பாகைக்கு மேல் சூடேறக் கூடாது.

பொ_சு_ப_சப்ரகமுவ

மருந்தாளர் சொன்னது சரி. பொதுச் சுகாதார பரிசோதகர்கள் இதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். 200 பேருக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லா வகுப்பும். 340 பேர் என்றால் எல்லா வகுப்பையும் அந்த ஆண்டிலேயே பரிசோதித்திருக்க மாட்டார்கள். ஆகவே அதிபரிடம் ‘பூச்சிக் குளிசை கொடுத்தார்களா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த வகுப்புக்கு, எந்தத் திகதியில், என்ன குளிசை என்று கேளுங்கள்.

போகுமுன் மூன்று கடிதம் வேண்டும். ஒன்று சுகாதார வைத்திய அதிகாரிக்கு, ஒன்று அதிபருக்கு, மற்றது பெற்றாருக்கு. பெற்றாருக்கான கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். என்ன குளிசை, எந்த நாள், சாப்பிட்டு வர வேண்டும், காய்ச்சல் என்றால் அன்று கொடுக்க மாட்டோம், வலிப்பு வருத்தம் இருந்தாலோ வேறு மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவ்வளவு போதும். தோட்டத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பெற்றார் இருப்பார்கள். பிள்ளைக் காம்பராப் (தோட்டக் குழந்தைகள் பராமரிப்பு இடம்) பொறுப்பாளரையும் கொழுந்து மடுவத்திலோ இறப்பர்ப் பால் நிறுக்கிற இடத்திலோ பேசக்கூடிய ஒருவரையும் பிடித்து வாயால் சொல்ல வையுங்கள். இதைச் செய்யாத இடத்தில்தான் ‘கருத்தடை மருந்து கொடுக்கிறார்கள்’ என்ற கதை கிளம்பி, வகுப்பில் பாதிப் பேர் வராமல் போகிறார்கள்.

அன்றைய வேலை: 340 பேருக்கு 10 வீதம் கூட்டி 374 குளிசை. கீழே விழும், துப்பும், பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை வரும். வகுப்பு வகுப்பாகப் பெயர்ப் பட்டியல். கொதித்தாறின தண்ணீர் ஆளுக்கு 100 மி.லீ. என்று 35 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். சனிக்கிழமை வைக்காதீர்கள், வெள்ளியும் வேண்டாம். அடுத்த நாள் பாடசாலை இருந்தால்தான் பிள்ளைக்கு என்ன செய்தது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

குளிசையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. நம் கண்முன்னால் மென்று, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் பட்டியலில் அடையாளம். வராத பிள்ளைகளின் பட்டியலை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு கிழமைக்குள் அவர்களுக்கு யார் கொடுப்பது என்று பெயர் குறித்துவிட்டே வாருங்கள். தோட்டத்தில் பாடசாலைக்கு வராத பிள்ளைதான் பெரும்பாலும் கூடப் பூச்சி உள்ள பிள்ளை.

ரீச்சர்_ஆரம்பப்பிரிவு

பொ.சு.ப. சேர் சொன்னதோடு வகுப்பறைப் பக்கம் சில விஷயம்.

‘சாப்பிட்டு வா’ என்று கடிதத்தில் எழுதினால் மட்டும் பிள்ளை சாப்பிட்டு வராது. தோட்டத்தில் தாய் காலையிலேயே பால் வெட்டப் போய்விடுவா. பிள்ளை வெறும் பிளேன்டியோடு வரும். அந்த வயிற்றில் குளிசை போட்டு, வெயிலில் வரிசையில் நிறுத்தினால் ஒரு பிள்ளை மயங்கும். அதைப் பார்த்து இன்னும் நாலு மயங்கும். பிறகு ‘மருந்து நஞ்சாகிப் போச்சு’ என்று ஊரே பாடசாலை வாசலுக்கு வந்துவிடும். பாடசாலை உணவு கொடுத்த பிறகு, வகுப்பறைக்குள், மேசையில் இருத்தி வைத்துக் கொடுங்கள். மைதானத்தில் வரிசை வேண்டாம்.

தரம் 1, 2 பிள்ளைகளில் சிலருக்கு மெல்லத் தெரியாது, அப்படியே விழுங்கப் பார்க்கும், அல்லது கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பும். அப்படியான பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாகத் தூளாக்குங்கள். மேல் கரண்டியைக் கட்டைவிரலால் அமர்த்தித் திருப்பினால் ஒரு நிமிடத்தில் மாவாகும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிள்ளை நிமிர்ந்து இருக்கும்போது ஊட்டுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாய்க்குள் போடுவதை எங்கு கண்டாலும் நிறுத்துங்கள். மூச்சுக்குழாயில் குளிசை சிக்கிப் பிள்ளை இறந்த சம்பவங்கள் பிற நாடுகளில் பதிவாகி இருக்கின்றன. 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு எப்போதும் தூளாக்கித்தான் கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையை அன்று விட்டுவிடுங்கள். நாளைக்குக் கொடுத்தால் ஒன்றும் குறைந்து போகாது.

ராகம_ஒட்டுண்ணியியல்

குளிசைத் தெரிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தப் புழு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மண்ணால் பரவும் புழுக்கள் மூன்று: வட்டப்புழு, சாட்டைப்புழு, கொழுக்கிப்புழு. வட்டப்புழுவுக்கு இரண்டு மருந்தும் ஒரே தடவையில் நூற்றுக்கு 95 பேரளவில் குணமாக்கும். கொழுக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 ஏறக்குறைய 80 வீதம். மெபெண்டசோல் 500 ஒரே தடவை என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சாட்டைப்புழுவில் இரண்டுமே பலவீனம்: அல்பெண்டசோல் 30 வீதம், மெபெண்டசோல் 40 வீதம் அளவில். ஐவமெக்டின் என்ற இன்னொரு பூச்சி மருந்தை அல்பெண்டசோலோடு சேர்த்தால் சாட்டைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அது தொண்டர்கள் கையில் எடுக்கிற மருந்தல்ல.

ஆகவே இறப்பர், தேயிலை நிழலில் ஈர மண்ணில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகள் என்றால் அல்பெண்டசோலுக்கு ஒரு நியாயம் உண்டு. என்றாலும் அந்தப் பிரதேசத்துக்கு வருவது மெபெண்டசோல் 500 என்றால் அதையே கொடுங்கள். ‘குணமாகாத’ பிள்ளைக்கும் மலத்தில் முட்டை எண்ணிக்கை குறையும். பூச்சி குறைந்தால் இரத்தப் போக்கும் குறையும். நீங்கள் தனியாக வேறு மருந்து கொண்டுபோய், யாருக்கு எது கொடுத்தது என்ற குழப்பத்தை உண்டாக்குவதை விட அது நல்லது.

இரண்டு மருந்தும் புழு குளுக்கோசு உறிஞ்சுவதைத் தடுத்து மெல்ல மெல்லப் பட்டினி போட்டுக் கொல்லும். அதனால் செத்த பூச்சி உடனே வெளியே வராது, சில நாள் எடுக்கும். பலருக்குக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ‘பூச்சி விழவில்லை, மருந்து சரியில்லை’ என்று பெற்றார் சொல்வது இதனால்தான். பேதி மருந்து தேவையில்லை, பட்டினி கிடக்கவும் தேவையில்லை.

அடிக்கடி கேட்கப்படுவதால் கீரைப்பூச்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஆசனவாயில் அரிப்பு, வெள்ளை நூல் போல ஒரு சென்ரிமீற்றர் அளவில் பூச்சி என்றால் அது மண்ணால் வருவதல்ல, ஆளுக்கு ஆள் தொற்றுவது. முட்டை சில மணித்தியாலத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பாடசாலையில் ஒருமுறை கொடுக்கும் குளிசை அதைத் தற்காலிகமாகத்தான் அடக்கும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் எடுத்து, 2 கிழமையில் திரும்ப எடுத்து, படுக்கை விரிப்பைச் சூட்டு நீரில் தோய்த்து, நகத்தை ஒட்ட வெட்டினால்தான் போகும். கொழும்பு மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது அநேகமாக இதுதான்.

தரவு_வாசகர்

எல்லாரும் எப்படிக் கொடுப்பது என்று பேசுகிறீர்கள். கொடுக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

2017இல் இலங்கையில் நடந்த தேசியப் பாடசாலை ஆய்வில் ஆரம்பப்பிரிவுப் பிள்ளைகளில் மண்வழிப் புழுத் தொற்று ஒரு வீதத்துக்கும் கீழே இருந்தது. 2003இல் அது 7 வீதத்தை அண்டி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வது தொற்று 20 வீதத்துக்கு மேல் இருக்கும் இடத்தில். 50க்கு மேல் என்றால் வருடத்துக்கு இரண்டு. கொழும்பிலிருந்து பெட்டி நிறையக் குளிசையோடு போவதற்கு முன் அந்தப் பாடசாலையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. மேற்குக் கென்யாவில் 1998இல் தொடங்கிய பாடசாலைத் திட்டத்தை ஆராய்ந்து பொருளியலாளர்கள் மிகேலும் கிரேமரும் 2004இல் எழுதிய கட்டுரை, பூச்சி மருந்தால் பாடசாலை வரவு கூடியது என்றது. பிறகு வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளோ, எல்லாருக்கும் கொடுக்கும்போது சராசரி நிறையிலும் ஹீமோகுளோபின் அளவிலும் படிப்பிலும் பெரிய மாற்றம் இல்லை என்றன. 2015இல் இது பெரிய சண்டையாகவே நடந்தது.

ராகம_ஒட்டுண்ணியியல்

நல்ல கேள்வி. நாட்டுச் சராசரியை வைத்து ஒரு லயனை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை)த் தீர்மானிக்க முடியாது. தோட்டப் பாடசாலைகளில் பத்து வருடம் மருந்து கொடுத்த பிறகும் 29 வீதப் பிள்ளைகளுக்குத் தொற்று இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகு நிலைமை நிறைய நல்லதாகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் இருப்பது இப்படிப்பட்ட சில இடங்களில்தான்: தோட்ட லயன்கள், கொழும்பின் சேரித் தோட்டங்கள்.

கென்யா, கொக்ரேன் விவாதத்திலும் இதே பிரச்சினை. பூச்சி எல்லாரிடமும் சமமாக இருப்பதில்லை. ஒரு வகுப்பில் பெரும்பாலான பூச்சி சில பிள்ளைகளின் வயிற்றில் இருக்கும். பூச்சியே இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பயன் கரைந்து போகும். ஆயிரக்கணக்கான முட்டை போகிற அந்தப் பிள்ளைக்கு மருந்து பயன்படுமா என்பதில் சண்டை எதுவும் இல்லை.

பரிசோதித்துப் பார்ப்பது பற்றி முழுதாக உடன்படுகிறேன். ஒரே சூழலுள்ள பகுதியில் 5 முதல் 10 பாடசாலை, ஒவ்வொன்றிலும் 50 பிள்ளைகள், பெரும்பாலும் தரம் 3. அதுதான் வழக்கம். ஆனால் அது சுகாதாரப் பகுதி செய்கிற வேலை.

ஆய்வுகூடம்_பொரளை

மலப் பரிசோதனை பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் கொழுக்கிப்புழு தப்பிப் போவது இங்குதான்.

காட்டோ-காட்ஸ் (Kato-Katz) முறையில் மலத்தைச் சல்லடையால் அழுத்தி வடித்து, தகட்டின் துளையில் 41.7 மி.கி. நிரப்பி, கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டை மேலே வைத்து அமர்த்துவோம். எண்ணின முட்டையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். கிளிசரின் மலத்தைத் தெளிவாக்கும், வட்டப்புழு முட்டை நன்றாகத் தெரியும். ஆனால் கொழுக்கிப்புழு முட்டையின் தோல் மெல்லியது, அதையும் தெளிவாக்கிக் காணாமல் போக்கிவிடும். 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்க்காவிட்டால் ‘இல்லை’ என்று வரும். தெரணியகலையில் காலையில் எடுத்த போத்தலைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பிற்பகலில் பார்ப்பதில் இன்னொரு கெடுதல், சூட்டில் கொழுக்கிப்புழு முட்டை கெட்டு எண்ணிக்கை குறையும். நுணுக்குக்காட்டியை அங்கே கொண்டுபோங்கள், அல்லது போத்தலைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கிராமுக்கு 4,000 கொழுக்கிப்புழு முட்டைக்கு மேல் என்றால் கடுமையான தொற்று. வட்டப்புழுவுக்கு அந்த எல்லை 50,000, சாட்டைப்புழுவுக்கு 10,000. ஒரு பெண் வட்டப்புழு நாளைக்கு 2 இலட்சம் அளவில் முட்டை போடும், அதனால் இலக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பதானால் கொடுத்து 14 முதல் 21 நாளுக்குள் அதே பிள்ளையின் மலத்தைத் திரும்பப் பாருங்கள். பிந்தினால் பழைய தொற்றா புதியதா என்று பிரிக்க முடியாது.

கொட்டாஞ்சேனை_தொண்டர்

நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பக்கவிளைவு பற்றியும் ஒருவர் விபரமாகச் சொல்லுங்கள். வாயால் பூச்சி வந்தால் என்ன செய்வது? இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குளிசையும் நாங்கள் கொடுக்கலாமா?

சிறுவர்_வைத்தியர்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு வயிற்று நோ, குமட்டல், தலையிடி, கொஞ்சம் வயிற்றோட்டம் வரும். ஓரிரு நாளில் போய்விடும். பூச்சி கூட உள்ள பிள்ளைக்குத்தான் கூட வரும். நிழலில் படுக்க வைத்து, சீனி போட்ட தண்ணீர் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் பார்வையில் வைத்திருங்கள்.

வட்டப்புழு சிலவேளை வாயாலோ மூக்காலோ வரும். பயங்கரமாக இருக்கும், ஆனால் பிள்ளை மூச்சு விடுவதில் சிரமம் இல்லை என்றால் பூச்சியை எடுத்துவிட்டுப் பிள்ளையை ஆறுதல்படுத்தினால் போதும். முன்கூட்டியே ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன். வயிறு ஊதி, பச்சையாக வாந்தி எடுத்து, காற்றும் மலமும் போகாத பிள்ளை குடல் அடைபட்ட பிள்ளை. வட்டப்புழுக்கள் உருண்டையாகச் சுருண்டு குடலை அடைக்கும். மருந்து கொடுக்கும் முன்பே அப்படி ஒரு பிள்ளை வயிற்றுக்குத்தோடு வந்தால் குளிசை கொடுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தோட்டப் பாதையில் வர நேரம் எடுக்கும், அதனால் உங்கள் வான் சாரதி அங்கேயே நிற்க வேண்டும்.

குளிசையை ஒத்திவைக்க வேண்டியவர்கள்: காய்ச்சல், கடும் வயிற்றோட்டம், வாந்தி உள்ள பிள்ளைகள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு டொக்டரிடம் கேட்டுத்தான். மெட்ரோனிடசோல் எடுக்கிற பிள்ளைக்கு மெபெண்டசோல் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அரிதாக என்றாலும் தோல் கொப்பளித்து உரியும் ஆபத்தான நிலை வந்திருக்கிறது. தரம் 10, 11 பெண் பிள்ளைகளிடம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியாகக் கேட்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் இந்த மருந்து கொடுப்பதில்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டு ஒரு பிள்ளையையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

இரும்புச்சத்து நீங்கள் கொண்டுபோக வேண்டாம். பாடசாலை மூலமாக வாரம் ஒன்று என்ற கணக்கில் அது கொடுக்கப்படுகிறது, தொடங்கும்போது பூச்சிக் குளிசையும் சேர்த்து. பூச்சி இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்போது இரும்பு கொடுத்து நிரப்ப முடியாது என்பதால் அந்த ஒழுங்கு. உங்கள் திகதியை அதோடு ஒத்து வைத்தால் ஒரே குளிசை இரண்டுக்கும் பயன்படும். 5 முதல் 11 வயதில் ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழ், 12 முதல் 14 வயதில் 12க்குக் கீழ் என்றால் இரத்தச்சோகை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாராந்தக் குளிசை போதாது, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

தோட்டத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது: இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தேயிலைச் சாயம் இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ என்றால் கூட உறிஞ்சும். மூன்று வேளையும் பிளேன்டி குடிக்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்லாமல் குளிசை மட்டும் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மலையகம்_குடும்பநலம்

குளிசைக்கு அடுத்த நாள் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். மருந்து வயிற்றைத்தான் சுத்தமாக்கும். மண்ணில் இருக்கிற முட்டை அப்படியே இருக்கும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து கொடுத்து 12 மாதத்தில் வட்டப்புழுத் தொற்று பழைய அளவில் 94 வீதத்துக்கு வந்துவிட்டது. சாட்டைப்புழு 82, கொழுக்கிப்புழு 57. நிலம் மாறாவிட்டால் அடுத்த வருடமும் அதே பிள்ளைக்கு அதே குளிசைதான்.

ஒரு லயனைச் சுற்றிப் பாருங்கள். பத்துக் காம்பரா, பின்னால் கான் (வடிகால்), கானுக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி, அதற்கும் அப்பால் மலசலகூடம். பல மலசலகூடங்களில் கதவு இல்லை, தண்ணீர் இல்லை, குழி நிரம்பிக் கானுக்குள் வடிகிறது. கைக்குழந்தையின் மலத்தைப் ‘பச்சப்புள்ள தானே’ என்று கானுக்குள் கழுவி விடுகிறார்கள். ஆனால் லயனில் மண்ணில் தவழுகிற குழந்தைக்கும் பூச்சி இருக்கும், அந்த மலத்திலும் முட்டை இருக்கும். நிரம்பிய குழியைத் தோண்டி மரக்கறிப் பாத்திக்குப் போடுவதும் உண்டு. வட்டப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்படி எடுக்க வேண்டி வந்தால் குழியை மூடி ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவைத்து எடுக்க வேண்டும்.

செருப்பு நல்ல யோசனை. கொழுக்கிப்புழுக் குடம்பி (முட்டையிலிருந்து வரும் இளம் புழு) ஈர மண்ணில் ஒரு கிழமை அளவில் தயாராகி, வெறுங்காலின் விரல் இடுக்கால் ஏறும். ஆனால் பிள்ளைகள் செருப்பைப் பாடசாலைக்கு மட்டும் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ‘பழுதாகிடும்’ என்று கழற்றி வைப்பார்கள். மலசலகூடத்துக்கும் பாத்திக்கும் போவது வெறுங்காலோடுதான். முடியுமானால் ஆளுக்கு இரண்டு சோடி: ஒன்று பாடசாலைக்கு, ஒன்று மலிவான இறப்பர்ச் செருப்பு, வீட்டுக்கு வெளியே போக. அளவை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கால் வரைந்து வாங்குங்கள். பெரிய செருப்பு கொடுத்தால் சரிவில் வழுக்கும், பிள்ளை போடாது.

பிள்ளைக் காம்பராவில் இருக்கிற 5 வயதுக்குட்பட்டவர்களை விட்டுவிடாதீர்கள். பாடசாலையில் அண்ணனுக்குக் குளிசை கொடுத்து, அதே மண்ணில் விளையாடுகிற தம்பியை விட்டால் பயன் அரைவாசிதான். ஆனால் அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் அதே கிழமையில் கொடுக்கச் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்.

தரவு_வாசகர்

இந்தக் கருத்துக்கு வரலாறும் சாட்சி. அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பை 1916இல் தொடங்கியது. அப்போது கொடுத்தது தைமோலும் செனப்போடியம் எண்ணெயும். இன்றைய குளிசையோடு ஒப்பிட்டால் கடுமையான மருந்துகள். மருந்து எடுத்த தொழிலாளி மலசலகூடம் இல்லாத அதே லயனுக்குத் திரும்பியதும் பூச்சி திரும்பியது. தனியே பூச்சி மருந்து கொடுத்துத் திரியாமல், ஒரு பகுதியின் சுகாதாரம் முழுவதையும் ஓரிடத்திலிருந்து பார்க்கிற முறைக்கு 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று நாம் கடிதம் எழுதச் சொல்கிற சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் அந்த வழியில் வந்தது.

என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன்: மருந்துக்கு எதிரி இல்லை நான். ஆனால் உங்கள் மன்றத்தின் காசு 340 குளிசைக்குப் போவதை விட ஒரு தண்ணீர்த் தாங்கிக்குப் போகட்டும். குளிசை அரசாங்கத்திடம் இருக்கிறது. தாங்கி இல்லை.

புறக்கோட்டை_மருந்தாளர்

இதை நானும் ஆமோதிக்கிறேன். ஒன்று மட்டும்: வேப்பிலை, பாகற்காய், பூசணி விதை கொடுத்தால் போதாதா என்று பெற்றார் கேட்பார்கள். சாப்பிடுவதைத் தடுக்க வேண்டாம், ஆனால் குளிசைக்குப் பதில் அது ஆகாது. பல் நறநறப்பதும் இனிப்புச் சாப்பிடுவதும் பூச்சிக்கு அடையாளம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதை நம்பி மாதாமாதம் குளிசை வாங்கிக் கொடுக்கிறவர்கள் கொழும்பிலேயே நிறையப் பேர்.

பொ_சு_ப_சப்ரகமுவ

தண்ணீர்த் தாங்கியோடு மலசலகூடத்தையும் பார்ப்பதானால் அளவு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்: 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம், ஆண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொட்டியோடு 50 பேருக்கு ஒன்று. 340 பேரில் பாதிப் பேர் பெண்கள் என்றால் பெண்களுக்கு 7, ஆண்களுக்கு 4 வேண்டும். முதலில் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணுங்கள். இருக்கிறதைத் திருத்துவது புதிது கட்டுவதை விட மலிவு, பெரும்பாலும் பழுது கதவுப் பூட்டும் தண்ணீர்க் குழாயும்தான்.

கை கழுவும் குழாய் மலசலகூட வாசலிலேயே இருக்க வேண்டும். வகுப்பறைப் பக்கம் வைத்தால் பிள்ளை அங்கு போகும்போது மறந்துவிடும். தரம் 1 பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. சவர்க்காரத்தை வலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கானுக்குள் விழாது, காணாமலும் போகாது. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் 5 லீற்றர் பிளாஸ்டிக் கலனின் வாயருகே ஆணியால் ஒரு துளை போட்டு, கயிற்றில் தொங்கவிட்டுக் காலால் மிதிக்கும் தடியோடு கட்டுங்கள். ஒரு கலன் தண்ணீர் பல பிள்ளைகளுக்குப் போதும். நிரப்புவதற்கு வகுப்பு முறை வைக்காவிட்டால் இரண்டாவது கிழமையே காய்ந்து கிடக்கும்.

கொட்டாஞ்சேனை_தொண்டர்

மன்றத்தில் பேசினோம். குளிசை வாங்குவதில்லை. திங்கட்கிழமை சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்குக் கடிதம் போகிறது, அதில் எந்த வகுப்புகளுக்கு எப்போது கொடுத்தார்கள் என்றும் எங்கள் பயணத் திகதியை அவர்களுடைய நாளோடு ஒத்து வைக்க முடியுமா என்றும் கேட்கிறோம். காசில் செருப்பு இரண்டு சோடி, மிச்சத்துக்கு மலசலகூடத் திருத்தம். ஒரு கடைசிக் கேள்வி: அன்று நாங்கள் போனால் எங்களுக்கு என்ன வேலை?

பொ_சு_ப_சப்ரகமுவ

நிறைய வேலை இருக்கிறது. பெயர்ப் பட்டியல் பிடிக்க வகுப்புக்கு ஒருவர். கரண்டியால் தூளாக்க இரண்டு பேர், கை கழுவிவிட்டு. தண்ணீர்க் கோப்பை கழுவ இரண்டு பேர். குளிசை முடிந்த பிள்ளைகளை அரை மணித்தியாலம் வகுப்பிலேயே வைத்திருக்கக் கதை சொல்லவோ பாட்டுப் பாடவோ தெரிந்த யாராவது. போகும் நேரத்தில் கொடுத்தது, வீணானது, மிஞ்சியது மூன்றையும் கூட்டினால் கொண்டுவந்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எந்த வகுப்பில் விட்டது என்று அன்றைக்கே தேடுங்கள். மிஞ்சிய குளிசையைப் பாடசாலை அலுமாரியில் விட்டுவிட்டு வர வேண்டாம், எங்களிடம் திருப்பித் தாருங்கள். வராத பிள்ளைகளின் பட்டியலில் இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று அதிபருக்கு, ஒன்று எனக்கு.